மருந்து படாத இடம்

கார்போலிக் சோப்பைக் கரைத்து ஊற்றியதுபோல ஒரு நெடி... சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், புதிதாகக் கண்டுபிடித்த களைமருந்துகளை அடித்துப் பார்ப்பதுதான் என் முதல் வேலை. போத்தல்களில் பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான்.

அதில் அந்த நெடியடித்த மருந்து களையைக் கருக்காது. வெறிபிடித்ததுபோல வளரவைத்தே கொல்லும். மறுநாள் பனிமூட்டத்துக்குள் போய்ப் பார்த்தால், களைச்செடியெல்லாம் பிழிந்த துணிபோல முறுக்கிக்கொண்டு கிடக்கும். பச்சை மட்டும் மாறியிருக்காது. சாகவும் இல்லை, உயிரோடும் இல்லை...

நடுவில் ஒரு சதுரத்தைக் குச்சி நட்டு, கயிறு கட்டி, மருந்தடிக்காமல் விடுவோம். ஒப்பிட்டுப் பார்க்கத்தான். சுற்றிலும் எல்லாம் சுருண்டு கிடக்க, அங்கே மட்டும் களை ஜம்மென்று நின்றால் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? ஒருநாள் காலையில் போனால், அதற்குள் ஒரு கல். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பக்கத்தில் வெற்றிலை பாக்கு.

முனிக்கு விட்ட இடம் என்றே முடிவுகட்டிவிட்டார்கள்!

கல்லை எடுக்கக் குனிந்தேன். கை போகவில்லை. படித்தவன் என்ற பெருமையெல்லாம் அந்த மூட்டத்தில் எங்கே போனதோ தெரியவில்லை.

அப்போதுதான் முத்தம்மா வந்தார். புல்லுவெட்டுக் கொந்தரப்பை, அதாவது களையெடுக்கும் ஒப்பந்த வேலையை, நம்பியே பிள்ளைகளை வளர்த்தவர். மூட்டத்தில் நான் நிற்பதைக் கவனிக்காமல் சூடம் கொளுத்திக் கும்பிட்டார்.

"சாமி... இந்தப் புல்லக் காப்பாத்திக் குடுப்பா..."

"என்னக்கா, காலமெல்லாம் புல்லு வெட்டுற நீங்களே இப்புடிக் கும்புடுறீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினார்.

"புல்லு செத்தா எங்களுக்குப் பேரு ஏதுங்கய்யா? மருந்தடிக்க ரெண்டு ஆம்பள போதும்னு கண்டாக்கய்யா சொல்லிட்டாரு. நாங்க எங்கிட்டுப் போறது?"

கண்டாக்கய்யா என்பது வேலையை மேற்பார்க்கும் அதிகாரி; பேர் என்றால் அவர் கணக்கில் பேர் போட்டால் கிடைக்கும் ஒருநாள் சம்பளம். கல்லை அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.

மருந்துதான் ஜெயித்தது. புல்லுவெட்டுக் கொந்தரப்பை நிறுத்திவிட்டார்கள். சில வருஷம் கழித்து, முத்தம்மா குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

போன மாதம் பேரனோடு அந்தப் பக்கம் போனேன். அந்த மலையைக் கைவிட்டுவிட்டார்கள். தேயிலை மரமாகிவிட்டது, இடுப்பளவுக்குப் புல். காற்றே இல்லை... ஆனாலும் புல் ஓரிடத்தில் அசைந்துகொண்டிருந்தது, உள்ளே யாரோ குனிந்து வெட்டுவதுபோல.

"யாரது?" என்று என்னையறியாமல் கூப்பிட்டுவிட்டேன். பேரன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முத்தம்மாக்கா கேட்டதை முனி கொடுத்துவிட்டார். மலை முழுக்கப் புல்லுதான். பேர் போடத்தான் அங்கே யாரும் இல்லை.