கோட்டைக்குள் ஏறிய வழி

பதினொரு வருசமாக லவனுக்கு ஒரு சோற்றுக் கிடாரத்தின் மேல் ஆத்திரம். ஒவ்வொரு பெந்தகோஸ்துத் திங்கள் விடுமுறைக்கும் தமிழ்ச் சனம் சேர்ந்து, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் பஸ் பிடித்து, நோர்மண்டியில் இடிந்து கிடக்கும் கோட்டையொன்றைப் பார்க்கப் போவார்கள். கிடாரத்தைக் குன்றின் மேலே சுமப்பது லவன். முன்னால் கையை வீசிக்கொண்டு கதை சொல்லி நடப்பது அருட்பிரகாசம்.

அருட்பிரகாசம் மார்க்ஸ் டோர்மோயில் ஒரு உணவகத்தில் இருபத்தாறு வருசம் கோப்பை கழுவியவர். கோயில் பூசையில் முன்வரிசை வாங்கில் இருக்கிற மனிசன். ஆனால் கோட்டை என்றால் அவருக்கு ஒரே கதைதான்: ஆங்கிலேய ராசா கட்டிய கோட்டையைப் பிரெஞ்சுப் படை பிடித்தது கக்கூசு ஓட்டைக்குள்ளால் ஏறித்தானாம். பிள்ளைகள் விழுந்து சிரிப்பார்கள். மனைவி இம்மாகுலேற், சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லுகிற கதையா இது என்று ஏசுவாள்.

அந்த ஓட்டையை அவர் ஒருநாளும் கண்டதில்லை. எட்டு மணி பஸ், கத்தரிக்காய் பொரிந்து முடிய பதினொன்றுக்குத்தான் வெளிக்கிடும். போனதும் சாப்பாடு. பிறகு கிளித்தட்டு விளையாட்டு. முடித்துப் பார்த்தால் கோட்டை வாசல் பூட்டு.

இந்த வருசம் அவருக்கு முழங்கால் ஒப்பரேசனுக்கு நாள் குறித்தாயிற்று. அதுக்குப் பிறகு குன்று ஏறவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இன்றைக்கும் உள்ளே போகாமல் திரும்பினால் மனம் ஆறாது என்று பஸ்ஸில் அருட்பிரகாசம் மெல்லச் சொன்னார். இறங்கியதும் லவன், சாரதி அர்னோவைக் கொண்டு கிடாரம் இருந்த பஸ்ஸின் அடிப்பெட்டியைப் பூட்டுவித்து, திறப்பை வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"முதல் கோட்டை. பிறகு சோறு."

"பசியோடை கல்லைப் பாத்து என்னத்தைக் காணப்போறாய் தம்பி?" என்றாள் இம்மாகுலேற்.

ஒருவரும் அசையவில்லை. இரண்டு பேரும்தான் ஏறினார்கள். அவரைத் தாங்கி ஏற்றுவதைவிடக் கிடாரமே பரவாயில்லை என்று லவனுக்குப் பாதி வழியிலேயே தெரிந்துவிட்டது.

உள்ளே வழிகாட்டிப் பெண் ஓட்டையைக் காட்டினாள். அருட்பிரகாசம் தலையை விட்டுப் பார்த்து, பழக்கதோசத்தில் சிலுவையும் போட்டார். பிறகு அவள், அது சனங்கள் ஆசையாகச் சொல்லுகிற கதை, படை வந்தது கோட்டைக்குள் இருந்த சிற்றாலயத்தின் யன்னலால்தான் என்று ஆராய்ச்சிக்காரர் சொல்கிறார்கள் என்றாள். கக்கூசு இல்லையோ என்று அவர் இரண்டு தரம் தமிழிலேயே கேட்டார். பிறகு ஒரு கல்லில் இருந்துவிட்டார்.

இருவரும் இறங்கினார்கள். தூரத்தில், தட்டும் கையுமாக நிற்கிற இம்மாகுலேற்றைக் கண்டதும் லவனின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கோயில் யன்னல் கதையை அவளிட்டைச் சொல்லிப்போடாதை. சாகுமட்டும் சொல்லிக் காட்டுவாள். கேட்டால், ஓட்டையைக் கண்டனாங்கள், ஆள் தாராளமாப் போகலாம் எண்டு சொல்லு."