‘சேவுகன்’ என்ற சொல் வந்த கதை

புதுவயல் ரைஸ் மில்களில் ‘ஒரு சேவுகன் போட்டுட்டு வாரேன்’ என்று லோடுமேன் சொன்னால், ஐந்து நிமிடம் ஓய்வெடுத்துவிட்டு வருகிறேன் என்று அர்த்தம். அது ஓர் ஆளின் பெயர் என்று இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாது. அந்தப் பெயரை அப்படி ஆக்கியவன் நான்.

நான் சூப்பர்வைசராகச் சேர்ந்த அன்றே ஐந்து லாரி நெல் வந்து நின்றது. “சாயங்காலத்துக்குள்ள எறக்கிப்புடணும்” என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார். லோடுமேன்களில் சேவுகன் அண்ணன் மட்டும் பத்து மூட்டைக்கு ஒருமுறை மில்லுக்குப் பின்னால் போவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

“அடிக்கடி எங்கண்ணே போறீக?”

“சும்மா, அங்குட்டுத்தான் தம்பி” என்று சிரிப்பார்.

ஒருநாள் இன்னொருவன் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். “என்னய்யா, நீயும் சேவுகன் போடுறியா?” என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள், சேவுகன் அண்ணனும்தான். லாரி டிரைவர்கள் வழியாக அந்தப் பேச்சு மற்ற மில்களுக்கும் போய்விட்டது.

கையும் களவுமாகப் பிடிக்கலாமென்று ஒருநாள் அவர் பின்னாலேயே போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

“நெஞ்சுல கோளாறு தம்பி. மூட்டை தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாக. மொதலாளிகிட்டச் சொல்லிப்புடாதீக.”

பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்தப் பக்கம் போகும் டிரைவர்களிடமெல்லாம் வருஷக்கணக்காக விசாரித்தேன். துப்புக் கிடைக்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு, போன வருஷம் குன்றக்குடி மலைப்படியில் ஒரு அம்மா என்னை நிறுத்தினார். “மில்லு சூப்பர்வைசர்தானே நீங்க? நான் சேவுகன் சம்சாரம்.”

சேவுகன் அண்ணன் இறந்து இரண்டு வருஷமாகிவிட்டதாம். நான் அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“அவுகளுக்குத் தெரியுமே! ‘நான் ஒளிஞ்சு ஒளிஞ்சு மூச்சு விட்டேன். இப்ப எம்பேரச் சொல்லிட்டு எல்லாரும் தைரியமா விடுறாய்ங்க’ன்னு சிரிப்பாக. ஒங்களை ஒருதரம் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக.”

மேற்பார்வைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். ஓர் ஆள் ஏன் நிற்கிறான் என்று பக்கத்தில் போய்ப் பாருங்கள். பார்த்த பிறகு பேசாமல் திரும்பாதீர்கள். “சொல்லமாட்டேண்ணே” என்று அன்றைக்கு நான் சொல்லியிருந்தால், அவர் ஊரைவிட்டுப் போயிருக்கமாட்டார்.