எதிர் நிழற்குடைப் பாலாமணி

பாலாமணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நடுவட்டத்தில் கூடலூர் பஸ் நிற்கிற இடத்தில் சாலைக்கு இந்தப் பக்கம் என் டீக்கடை, அந்தப் பக்கம் நிழற்குடை. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு எஸ்டேட்டில் பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து, இடுப்பில் சுற்றிய பிளாஸ்டிக் படுதாவை அவிழ்த்து மடித்துப் போட்டு, அதன்மேல் பாலாமணி உட்காருவாள். ஐம்பத்தைந்து வயது. குள்ளம். லாரி போகிறபோது பேசினாலும் அவள் குரல் என் பாய்லர் வரைக்கும் கேட்கும். பதினொரு வருஷம் அந்தச் சாலையைத் தாண்டி அவள் என் கடைக்கு வரவே இல்லை. நானும் வா என்று சொன்னதில்லை.

அவளுடைய அப்பன் தாராபுரம் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர். இவள் பதினெட்டு வயதில் எஸ்டேட்டில் பேர் பதிந்தாள். அதே எஸ்டேட்டில் மருந்தடிக்கிற தினகரனைக் கட்டிக்கொண்டாள். குழந்தை இல்லை. செம்மறி ஆடுகள்தான். லைன் வீட்டுக்குப் பின்னால் மூங்கில் தட்டி கட்டி, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் பலகை அடித்து, அவள் போட்டிருக்கிற பட்டியைப் பார்த்தால் என் சமையலறை எனக்கே கூச்சமாக இருக்கும். ஆடு வளர்க்கிறவர்கள் எல்லோரும் அவளிடம்தான் கேட்பார்கள். கேட்டவர்களை அவள் திட்டாமல் அனுப்பியதும் கிடையாது.

மழையில் போட்ட குட்டி பால் குடிக்க மாட்டேனென்கிறது என்று ஒருத்தி வருவாள். வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாயா, சில்லென்று இருந்ததா, அந்தக் குட்டிக்குப் பாலை ஊற்றினால் கொன்றுவிடுவாய், முதலில் அடுப்படியில் வைத்துச் சூடேற்று, அப்புறம் பால், இது தெரியாமல் நீ ஏன் ஆடு வளர்க்கிறாய் என்பாள். குளம்பை எவ்வளவு சீவுவது என்று கேட்டால், வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும், சிவப்பு எட்டிப் பார்க்குமுன் கத்தியைக் கீழே போடு என்பாள். பூச்சி மருந்து எப்போது கொடுப்பது என்றால், காலண்டரைப் பார்க்காதே, கீழிமையை இழுத்துப் பார், வெளுத்திருந்தால் கொடு என்பாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒன்று மட்டும் விசித்திரம். கால் புண்ணுக்குத் துருசு, அதாவது மயில்துத்தம், கரைத்த தண்ணீரில் ஆட்டை நிறுத்தலாமா என்று யாராவது கேட்டால் மூஞ்சி மாறிவிடும். ஊட்டுக்குள் துருசையே வைக்காதே என்று கத்துவாள். ஏன் என்று சொல்ல மாட்டாள்.

இப்போது எங்கள் சண்டையைச் சொல்கிறேன். பதினொரு வருஷத்துக்கு முன் அவளுடைய ஆடுகள் என் கடைக்குப் பின்னால் இருந்த கேரட் பாத்தியில் புகுந்து மேய்ந்துவிட்டன. நான் வாயில் வந்தபடி பேசினேன், அவளும் பேசினாள். அதோடு முடிந்திருக்க வேண்டியது. பத்து நாள் கழித்து அவள் ஆடுகள் வரிசையாகச் செத்தன. இருபத்து மூன்று ஆடு, ஒன்று மிச்சமில்லை; இப்போது இருப்பதெல்லாம் பின்னால் வாங்கியது. ஒரு நாலு மணிக்கு, எஸ்டேட் ஆட்கள் எல்லோரும் பஸ்ஸுக்கு நிற்கிறபோது, அவள் என் கடை வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றினாள். என் சாக்கடையில் நான் மருந்து கலந்துவிட்டேனாம். நான் நாசமாய்ப் போவேனாம்.

பாய்லரில் மண் விழுந்தது. அதைக் கழுவிவிட்டேன். பேரைக் கழுவ முடியவில்லை. மருந்து வைத்தவள் கடை என்று ஒரு மழைக்காலம் முழுக்க யாரும் என் டீயைத் தொடவில்லை. என் மகள் நாஜ்னீன் அப்போது மூன்றாம் வகுப்பு. ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, 'அம்மா, நீ ஆட்டுக்கு விஷம் வெச்சியா?' என்று கேட்டாள். அன்றைக்கு நான் அழுத அழுகையைச் சாகும்வரை மறக்க மாட்டேன் என்று சபதமே எடுத்தேன். என் வீட்டுக்காரர் ஜாகீர் கூடலூருக்கு டெம்போ ஓட்டுகிறவர், யார் வம்புக்கும் போகாத மனுஷர். அவரே ரோட்டில் அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நாலு வருஷம் முன்னால் நானும் ஆடு வாங்கினேன். அவளுக்கு மட்டும்தான் ஆடு வளர்க்கத் தெரியுமா என்கிற வீம்பில் வாங்கினேன், ஒளிப்பானேன். கற்றுக்கொடுக்க ஆளில்லை. அவள் நிழற்குடையில் மற்றவர்களைத் திட்டுவதை டீ ஆற்றிக்கொண்டே கேட்டுக் கேட்டுத்தான் கற்றேன். போன வருஷம் பத்தொன்பது ஆடு இருந்தது. எல்லாவற்றுக்கும் பேர் வைத்திருந்தேன். காலையில் பட்டியைத் திறந்தால் கிடா வந்து என் முந்தானையை மெல்லும்.

போன ஜூனில் மழை பிடித்ததும் எஸ்டேட்டில் தேயிலைக்கு வருகிற கொப்புள நோய்க்கு நீல மருந்து அடிக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் வாரா வாரம் அடிப்பதுதான். அடித்த தேயிலைக் காட்டில் இரண்டு நாளைக்குப் பறிக்க ஆள் வராது, வாட்சரும் வர மாட்டார். தேயிலைக்கு நடுவே புல் முழங்கால் உயரம் நிற்கும். முந்தைய வருஷங்களில் கடைக்குப் பின்னால் இருந்த மேட்டிலேயே மேய்த்தேன். போன வருஷம் அங்கே கட்டடம் வந்துவிட்டது. அதனால் ஆடுகளை ஏழாம் நம்பர் காட்டில் இறக்கினேன். நீல மருந்து என்றால் துருசு வகைதானே. அந்தக் காலத்தில் ஆட்டு வயிற்றில் பூச்சி என்றால் துருசைக் கரைத்து ஊற்றுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதுவுமில்லாமல் என் பசு அதே புல்லைத் தின்று வேளைக்கு மூன்று லிட்டர் கறந்தது. மாட்டை ஒன்றும் செய்யாதது ஆட்டை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் நிழற்குடையிலிருந்து பாலாமணி என்னைப் பார்த்துப் பேசினாள். பத்து வருஷத்துக்கு மேல் கழித்து முதல் பேச்சு.

"மருந்தடிச்ச காட்டுல ஆட்டை உடாதே."

"ஏன்?" என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். "சொன்னாக் கேளு" என்றாள்.

நீ யார் எனக்குச் சொல்ல, புல்லெல்லாம் உன் ஆட்டுக்கு வேணுமா என்று நான் கேட்டேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் படுதாவைச் சுருட்டிக்கொண்டு நடந்தே போய்விட்டாள். அதற்கப்புறம் வேண்டுமென்றேதான் மேய்த்தேன். மருந்து டிரம்மைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஒரு பக்கம் ஏறினால், இன்னொரு பக்கம் என் ஆடுகள் இறங்கும்.

செப்டம்பரில் அவள் வாட்சர் ஒச்சப்பனிடம் போய்ச் சொல்லிவிட்டாள். ஒச்சப்பன் பத்தொன்பதையும் வளைத்துப் பிடித்து, ஃபேக்டரிக்குப் பக்கத்துப் பழைய ஷெட்டில் ஒரு பகல் முழுக்க அடைத்து வைத்தார். தண்ணீர்கூட இல்லை. சாயங்காலம் நான் போய்க் கெஞ்சிக் கூத்தாடி, கொட்டுகிற மழையில் ஏற்றத்தில் விரட்டிக்கொண்டு வந்தேன். வழி முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் கிடா எழுந்திருக்கவில்லை. முந்தானையை அதன் வாயருகே கொண்டுபோனேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அது விட்ட மூத்திரம் பலகையில் வரக்காப்பி நிறத்தில் தேங்கி நின்றது. மத்தியானம் செத்தது. அன்றைக்கே இன்னும் இரண்டு. மறுநாள் ஐந்து. ஜாகீர் டெம்போவை நிறுத்திவிட்டுப் பட்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. ஷெட்டில் வைத்து ஏதோ கொடுத்திருக்கிறார்கள், கொடுக்கச் சொன்னது இவள். நேரே அவள் லைன் வீட்டுக்குப் போனேன். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி அவள் வாசலில் வீசினேன். என் ஆட்டுக்கு மருந்து வைத்தவளே, நீ விளங்க மாட்டாய் என்று தொண்டை கிழியக் கத்தினேன். தினகரன் வெளியே வந்து தலையைக் குனிந்து நின்றான். பாலாமணி செருப்பைக்கூடப் போடாமல் என்னைத் தாண்டி நடந்தாள். என் பட்டிக்குத்தான் போகிறாள் என்று புரிந்து நான் பின்னால் ஓடினேன்.

உள்ளே புகுந்தவள் ஒரு பெட்டை ஆட்டின் தாடையைப் பிடித்துக் கீழிமையை இழுத்தாள். மஞ்சளாக இருந்தது. அடுத்ததை இழுத்தாள், அதுவும் மஞ்சள். பலகையில் தேங்கியிருந்ததைப் பார்த்தாள். அப்படியே சாணியில் உட்கார்ந்துவிட்டாள்.

"துருசு" என்றாள். "மாடு தாங்கும். செம்மறி தாங்காது. மாசக்கணக்கா ஈரல்ல சேந்துக்கும், வெளிய தெரியாது. பட்டினி போட்டு வெரட்டுனா மொத்தமா ரத்தத்துல எறங்கீரும். ஒச்சப்பன்கிட்ட மேய்க்க உடாதீங்கன்னுதான் சொன்னேன். அடைச்சு வெப்பான்னு நெனைக்கல."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். ஜாகீர் வந்து என் கையை எடுத்துவிட்டார்.

"என்ற ஆடு இருவத்தி மூணும் இப்பிடித்தான் போச்சு" என்றாள்.

எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"நான்தான் வெச்சேன்னு சொன்னியே."

"நீ வெக்கல."

"அது உனக்கு எப்பத் தெரியும்?"

"அப்பவே. மண்ணு தூத்துன ஏழாம் நாளு டாக்டரு சொன்னாரு."

பதினொரு வருஷம். என் மகள் பள்ளிக்கூடம் முடித்து, இப்போது குன்னூரில் காலேஜ் படிக்கிறாள். அத்தனை வருஷமும் இவள் எனக்கு எதிரே உட்கார்ந்து, ஊருக்கெல்லாம் குளம்பு சீவக் கற்றுக்கொடுத்துக்கொண்டு, தெரிந்தே இருந்திருக்கிறாள்.

"ஜூன்லயாவது சொல்லியிருக்கலாமில்ல. ஏன்னு கேட்டேனே."

அவள் தரையைப் பார்த்தே பேசினாள். "ஏன்னு சொன்னா அதையும் சொல்லோணுமே."

வெளியே போ என்றேன். போனாள். போனவள் வேலிக்கு அந்தப் பக்கம் மழையில் நின்றுகொண்டு அங்கிருந்தும் கத்தினாள். இருக்கிறதை விரட்டாதே, நடக்க விடாதே, கடையில் வாங்குகிற தீவனத்தை நிறுத்து, வெறும் காய்ந்த புல் போடு, உடனே டாக்டரைக் கூட்டி வா என்று. சாகக் கிடக்கிறதை ஹலால் பண்ணி அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடலாமா என்று ஜாகீர் யோசித்துக்கொண்டிருந்தார். அது அவள் காதில் எப்படி விழுந்ததோ தெரியவில்லை. அந்த ஈரலைத் தின்றால் மனுஷனுக்கும் ஆகாது, மொத்தமாகக் குழி தோண்டிப் புதை என்று வேலியை உலுக்கினாள். அவள் சொன்ன ஒவ்வொன்றையும் செய்தேன். செய்யும்போதும் திட்டிக்கொண்டேதான் செய்தேன்.

கூடலூரிலிருந்து டாக்டர் வந்து செத்த ஆடு ஒன்றை அறுத்துப் பார்த்தார். அவள் சொன்னதையேதான் அவரும் சொன்னார். மூன்று வாரத்துக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்க மருந்து எழுதினார். ஐந்து பிழைத்தன. பதினான்கை ஜாகீரும் நானும் கேரட் பாத்தி இருந்த இடத்தில் புதைத்தோம். கடைசிக் குழியைத் தோண்ட தினகரன் மண்வெட்டியோடு வந்தான். நான் வேண்டாமென்று சொல்லவில்லை, தண்ணீரும் கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு மாதம் பாலாமணி நிழற்குடைப் பக்கமே வரவில்லை. ஆடு வைத்திருப்பவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அக்டோபர் கடைசியில் ஒரு நாலு மணிக்கு வந்து உட்கார்ந்தாள். நல்ல கூட்டம். மழை நிற்காததால் எஸ்டேட்டில் இன்னும் மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். கீழ் லைனில் இருக்கிற தங்கமணி புதிதாக இரண்டு ஆடு வாங்கியிருந்தாள்.

"ஏனுங்க்கா, மருந்தடிச்ச காட்டுல ரெண்டு நாளு கழிச்சு மேய்க்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

பாலாமணி அவளைத் திட்டவில்லை. எழுந்தாள். பஸ் ஒன்று போகிறவரைக்கும் நின்று, சாலையைத் தாண்டி, என் கடை வாசலில், அன்று மண் தூற்றிய அதே இடத்தில் வந்து நின்றாள். தங்கமணியும் பின்னாலேயே வந்தாள். கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியது. நான் டீ ஆற்றுவதை நிறுத்தினேன்.

"மேய்க்கக் கூடாது" என்றாள். லாரிச் சத்தத்தையும் மீறுகிற அதே குரல். "அப்ப எங்கூட்டுக்காரரு எஸ்டேட்லருந்து மருந்து டிரம்மக் கொண்டாந்தாரு. நான் கழுவிப்போட்டு அதுல மழைத் தண்ணி புடிச்சு ஆட்டுக்கு வெச்சேன். இருவத்தி மூணும் செத்துது. நான்தான் கொன்னேன். இந்த டீக்கடை நஜ்முன்னிசா ஒண்ணும் வெக்கல. அவ மேல பழி போட்டது நானு. தெரிஞ்சும் வாயைத் தொறக்கல. அதனாலதான் அவ ஆடும் போச்சு."

அவள் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ கேட்டாள்.

போட்டுக் கொடுத்தேன். மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே டீதான். குடித்து முடித்து, கிளாசைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள். இப்போதும் தினமும் வருகிறாள், குடிக்கிறாள், என் பெஞ்சில் உட்கார்ந்து ஊரைத் திட்டுகிறாள். ஒவ்வொரு திட்டோடும் இப்போது காரணத்தையும் சொல்கிறாள். என் ஐந்து ஆட்டுக்கும் குளம்பு சீவுவது அவள்தான். நான் அவளை அக்கா என்று கூப்பிடுவதில்லை, இனியும் கூப்பிடப் போவதில்லை. அன்று வாசலில் நின்று அவள் பேசி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை ஜூனில் நான் ஏன் என்று கேட்டபோது கொடுத்திருந்தால், என் கிடா இன்று காலையிலும் முந்தானையை மென்றுகொண்டிருக்கும்.