மாற்றிப் பேசியவள்

கலாராணி பிறந்தது ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஊர்க்கண்தான் கொண்டுபோனது என்று நம்பிய அவளுடைய தாய், மூன்றாவதாக வந்தவளை வாய் நிறையத் திட்டியே வளர்த்தாள். ‘சனியன்’, ‘குப்பை’ என்று சொல்லிக்கொண்டேதான் தலைவாரிப் பூ வைப்பாள். திட்டுச் சத்தம் கேட்காவிட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்வார்கள். அப்படி வளர்ந்தவளுக்கு அன்பை நேராகச் சொல்ல நாக்கு வளையவில்லை. பிடித்தவர்களை ஏசுவாள். பிடிக்காதவர்களிடம் மட்டும் மரியாதையாகப் பேசுவாள்.

இராசமாணிக்கம் அந்தத் தோட்டத்துப் பாடசாலைக்குத் தமிழ் ஆசிரியராக வந்த வருடம், வாணி விழாவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். கூட்டம் முடிந்து பிளேன்டீ கொடுக்க வந்த கலாராணி கோப்பையை நீட்டியபடி, “அதுக்குள்ள முடிச்சிட்டீங்களே சேர். இப்பதான் எங்களுக்குத் தூக்கம் வர ஆரம்பிச்சிச்சு” என்றாள்.

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு தேநீர் வேட்டியில் சிந்தும் அளவுக்குச் சிரித்தார். இங்கே வருவதற்கு முன்பே மூன்று வருடங்களாகக் கரும்பலகையில் வஞ்சப்புகழ்ச்சி அணி என்று எழுதிப் போட்டுப் படிப்பித்துக்கொண்டிருந்தேன், அது என்னவென்று எனக்கே அன்றைக்குத்தான் விளங்கியது என்று பிற்காலத்தில் எல்லோரிடமும் சொல்வார். ஆறு மாதத்தில் கல்யாணம் நடந்தது. உக்குவளையில், ரயில் பாதைக்குக் கிட்ட ஒரு சின்ன வீட்டில் குடியேறினார்கள். ஒரே மகள், சுரேகா.

மாற்றலாகி மாத்தளைப் பாடசாலைக்குப் போன பிறகு அவர் மாலை ரயிலில் வீடு திரும்புவார். வகுப்பில் என்ன சொன்னாரோ அதை மனைவியிடம் மறுபடி சொன்னால்தான் அவருக்கு அன்றைய நாள் முடியும். கடவுளைப் பிச்சைக்காரன் என்றும் பித்தன் என்றும் ஏசிப் பாடிய பக்தர்களைப் பற்றிச் சொல்வார். தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டே ஊர்ப் பெரியவர்களைக் கேள்வி கேட்டு மடக்கி, கடைசியில் அதற்காக நஞ்சு குடிக்க நேர்ந்த ஒரு பழைய தேசத்து ஞானியைப் பற்றிச் சொல்வார். ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, “கேக்குறவனுக்கு நம்ம மேல நம்பிக்கை இருக்கணும் கலா. இல்லாட்டி அது வெறும் வசவுதான்” என்றார்.

“அதான் உங்ககிட்ட பேசுறேன். வேற எந்த மடையன் உக்காந்து கேப்பான்?” என்றாள் அவள், கோப்பையை எடுத்துக்கொண்டு போகிற போக்கில். அவர் முகம் விளக்கேற்றியது போலாயிற்று.

முப்பத்தைந்து வருடங்கள் இப்படிப் போயின.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று மாசியில், அம்மன் தேருக்கு ஒரு வாரம் இருக்கும்போது, குளியலறையில் அவர் விழுந்தார். பாரிசவாதம். இடது கையும் காலும் போயின. பேச்சு மட்டும் தப்பியது. தேர் அன்று ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து நேரே மாத்தளைத் தெருவுக்கு வந்த கலாராணி, கூட்டத்தில் நின்று அம்மனை அண்ணாந்து பார்த்தாள். “உனக்கென்ன, பட்டும் பூவுமா ஊரச் சுத்து. எங்க வீட்டு மனுசன் கெடக்குறது உனக்கு எதுக்கு?” என்றாள். அவளுக்குத் தெரிந்த பிரார்த்தனை அதுதான்.

மூன்று வாரத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டாம் நாள் காலை கஞ்சி குடிக்கும்போது அவர் கையிலிருந்த கரண்டி சட்டையில் கவிழ்ந்தது. கலாராணிக்கு மனம் கொஞ்சம் லேசாக இருந்த நேரம். “இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, பாவம், சட்டைக்கும் பசிக்குமில்ல” என்றாள்.

அவர் தலையாட்டினார். கரண்டியில் கஞ்சி அள்ளி, சிந்தாமல் கவனமாகக் கொண்டுவந்து, சட்டைப் பைக்கு மேலே ஊற்றினார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவர் இன்னொரு கரண்டி அள்ளியபோதுதான் அந்த முகத்தில் விளையாட்டு இல்லை என்று கண்டாள். சொன்னதைச் சரியாகச் செய்கிறோமா என்ற கவலை மட்டும் இருந்தது.

கிளினிக்கில் இளம் டொக்டர் ஒருவர் அவள் சிங்களத்தில் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். தாளில் மூளையின் படம் வரைந்து வலது பக்கத்தைக் காட்டினார். சொல்லின் தொனியும் கேலியும் விளங்குவதற்கு அந்தப் பக்கம் வேண்டும், அங்கேதான் அடி விழுந்திருக்கிறது, சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது, இனிமேல் அவரிடம் எதையும் நேராகவே பேசுங்கள் என்றார். கலாராணி சரியென்றாள். ஆனால் ஐம்பத்தேழு வயது நாக்கு ஒரு டொக்டர் சொல்லித் திரும்புமா?

வைகாசியில் அவர் கைத்தடி ஊன்றி மெல்ல நடக்கத் தொடங்கியிருந்தார். ஒருநாள் காலையில் மூன்றாவது முறையாகப் படுக்கை விரிப்பை நனைத்துவிட்டார். இடுப்பு ஒடிந்துபோன களைப்பில் அவள், “இப்படியே இருந்து என் உசிர வாங்குங்க. இல்லாட்டி எங்கயாச்சும் போயிருங்க, நான் நிம்மதியா இருப்பேன்” என்று சொல்லிவிட்டு விரிப்பை அலசக் கொல்லைக்குப் போனாள். பழைய இராசமாணிக்கமாக இருந்தால், ‘டிக்கட் எடுத்துக் குடு, போறேன்’ என்றிருப்பார்.

காயப்போட்டுவிட்டு வந்தபோது அவர் உட்கார்ந்திருந்த கதிரை காலியாக இருந்தது. கைத்தடியும் இல்லை.

சந்தியில் த்ரீவீல் ஓட்டும் நுஹ்மான், சேர் ஸ்டேஷன் பக்கம் போவதைக் கண்டதாகச் சொல்லி அவளை ஏற்றிக்கொண்டு போனான். பிளாட்போமின் கடைசி வாங்குப் பலகையில் அவர் உட்கார்ந்திருந்தார். பொத்தான்கள் மாறிப் பூட்டியிருந்தன. ஒரு காலில் அவருடைய செருப்பும் மறு காலில் அவளுடைய செருப்பும் இருந்தன. மடியில் மருந்துப் பை.

“எங்க கெளம்புனீங்க?” என்றாள்.

“தெரியல” என்றார் அவர். “நீ போகச் சொன்னே. எங்கன்னு சொல்லலியே.”

கலாராணி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்டிக்குப் போகிற ரயில் வந்து நின்று போயிற்று. நுஹ்மான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

“நான் சொன்னது பொய்யிங்க” என்றாள். ஒவ்வொரு சொல்லாக, ஏதோ புதுப் பாஷை பேசுகிறவள் மாதிரி வந்தது. “நீங்க வீட்டுல இருக்கணும். நீங்க இல்லாட்டி என்னால இருக்க முடியாது.”

அவர் யோசித்தார். “அப்ப ஏன் மாத்திச் சொன்னே?”

பிள்ளைகளுக்கு ஆயுள் முழுக்க அதையே விளக்கிச் சொன்ன மனிதர் கேட்கிறார். அவர் கையைப் பிடித்து எழுப்பி, செருப்பை மாற்றிப் போட்டு, வண்டிக்குக் கூட்டிப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் நேராகப் பேசப் பழகினாள். ‘கஞ்சி சூடா இருக்கு’, ‘நீங்க நல்லவரு’, ‘எனக்கு உங்களப் புடிக்கும்’. எல்லாவற்றுக்கும் அவர் ஒரே மாதிரி, “சரி” என்பார், அல்லது “நல்லது” என்பார். அவருக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. குறை அவளுக்குத்தான். கட்டிலில் இருப்பவர் மரியாதையான மனிதர், அவருக்கு எல்லாம் செய்து கொடுக்கலாம். ஆனால் அவளுடைய ஏச்சை அன்பாகக் கேட்ட ஒரே ஆள் எங்கேயோ போய்விட்டார், அதற்கு அழக்கூட வழியில்லை.

எப்போதாவது ஆசை பொறுக்காமல் சோதித்துப் பார்ப்பாள். ஐப்பசி அடைமழையில் ஒரு பின்னேரம், “என்ன வெயிலு, மண்டை பொளக்குது” என்று சொல்லிவிட்டு, அவர் உதட்டோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். “மழை பெய்யுது கலா” என்றார் மிகவும் தணிந்த குரலில். அடுத்த வாரம் மகள் சுரேகா பார்க்க வந்தபோது அவளை அருகே கூப்பிட்டு, அம்மாவுக்குக் கண் தெரியவில்லை போலிருக்கிறது, டொக்டரிடம் காட்டு, ஆனால் அவளிடம் சொல்லாதே, பயப்படுவாள் என்று சொல்லியிருக்கிறார். சுரேகா அதைச் சொன்ன அன்று கலாராணி அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

தை மாதம் மத்தியானத் தூக்கத்தில் அவர் போய்விட்டார்.

செத்த வீட்டில் எல்லோரும் இருக்கும்போது கலாராணி தலைமாட்டில் உட்கார்ந்து, அழாமல், தெளிவாகச் சொன்னாள்: “இவர மாதிரி ஒரு மனுசன் கெடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும். ஒரு நாளும் ஒரு சொல்லு என்னைய நோகடிச்சதில்ல.”

எதிரே இருந்த அழகாயி நிமிர்ந்தாள். இராசமாணிக்கத்தின் அக்கா, மாத்தளை டவுனில் இருப்பவள். தம்பி மனைவியின் வாயைத் தொடக்கத்திலிருந்தே அறிந்தவள், அதற்குச் சிரித்தும் இருக்கிறாள்.

“செத்த பெறகுமா அவனக் குத்திக் காட்டுற?” என்றாள்.

ஓரிருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரோ ஒருத்தி சிரிப்பை மறைக்கச் சேலைத் தலைப்பால் வாயை மூடினாள். கலாராணி எல்லா முகங்களையும் பார்த்தாள். அந்த வீட்டில் ஒருவர்கூட அவள் சொன்னதைச் சொன்னபடி எடுக்கவில்லை. உண்மையாகத்தான் சொன்னேன் என்றால் அதையும் மாற்றித்தான் எடுப்பார்கள் என்று நினைத்து அவள் வாயை மூடிக்கொண்டாள். அழகாயி எழுந்து முற்றத்துக்குப் போனவள், பிரேதம் எடுக்கும்வரை உள்ளே வரவில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு அவள் வரமாட்டாள் என்றுதான் சுரேகா நினைத்தாள். ஆனால் பூசை முடிகிற நேரத்தில் அழகாயி படலைக் கதவுக்கு வெளியே வந்து நின்றாள். கலாராணி இறங்கிப் போனாள்.

“வாங்க அண்ணி. நீங்க வந்தது எனக்கு ஆறுதலா இருக்கு.”

அழகாயி அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அதில் என்ன இருக்கிறதென்று பிடிபடாமல், பின்னால் நின்ற தம்பி மகளைப் பார்த்தாள்.

“அம்மா மனசுல நெனைக்கிறதத்தான் சொல்றாங்க அத்தை” என்றாள் சுரேகா. “இப்ப கொஞ்ச காலமா அப்படித்தான் பேசுறாங்க.”

கிழவிக்கு அது கேட்டதும் கண் கலங்கியது. ஐயோ, உனக்கு என்னடி ஆச்சு என்று கலாராணியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் உள்ளே வந்து, பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சுரேகா வாழையிலை போட்டாள். சாம்பாரில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது. முன்பானால் கலாராணி அதற்கு ஒரு சொல் வைத்திருப்பாள்; இப்போது யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.