மூன்றாவது தட்டு

இது நடந்தது. நம்புகிறவர்கள் நம்புங்கள், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். பேய் என்றால் அமாவாசை, நடுராத்திரி, நாய் ஊளை எல்லாம் இருந்தே ஆக வேண்டும் என்கிற ஆளாக இருந்தால் உங்களுக்கு ஏமாற்றம்தான். ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று மணி. பேரணாம்பட்டில் மண்டையைப் பிளக்கிற வெயில். ஆதாரம் கேட்பீர்கள், தெரியும். ஒரு வீடியோ இருந்தது. இப்போது இல்லை. ஏன் இல்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பிரிசில்லா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருக்கிறாள். புருஷன் சாமுவேல் கார் மெக்கானிக், பைபாஸ் ஓரத்தில் சின்னதாக ஒரு ஒர்க் ஷாப் வைத்திருந்தான். பதினேழு வருஷக் குடித்தனத்தில் அவளும் பாதி மெக்கானிக் ஆகிவிட்டாள். லீவு நாளில் அவன் வண்டிக்கு அடியில் படுப்பான், அவள் சீட்டில் உட்கார்ந்து பிரேக் மிதிப்பாள். ஒர்க் ஷாப்புக்குப் பின்சுவரே தோல் ஷாப்தான், தோல் பதனிடுகிற இடம். தோலைப் போட்டுச் சுற்றுகிற பெரிய மர டிரம்கள் நாள் முழுக்கக் கடகடவென்று ஓடும். தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அதனால் சாமுவேல் அடியில் இருந்து ஸ்பானரால் தட்டுவான். ஒரு தட்டு என்றால் மிதி. இரண்டு என்றால் அப்படியே பிடித்திரு, காலை எடுக்காதே. மூன்று என்றால் விடு, வேலை முடிந்தது.

பதினொரு மாதத்துக்கு முன்னால் ஒருநாள், ஆந்திராவில் குப்பம் ஊர்க்காரர் ஒருவரின் சில்வர் கார். ஒர்க் ஷாப் வாசல் சரிவு. முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கியிருந்தது. ஹேண்ட் பிரேக் ஒயரைக் கழற்றிப் போட்டிருந்தான். சக்கரத்துக்குக் கல் வை என்று அவள் சொல்லத்தான் சொன்னாள். "நீ மிதிச்சினு இருக்க சொல்ல கல்லு இன்னாத்துக்கு பிரிசி?" என்று சிரித்துக்கொண்டே அடியில் போனான்.

மூன்று தட்டு கேட்டது. காலை எடுத்தாள்.

வண்டி உருண்டது. ஜாக்கி சாய்ந்தது. அவ்வளவுதான்.

விதி என்றார்கள். கர்த்தர் அழைத்துக்கொண்டார் என்றார்கள். அவளுக்கு வேண்டியது ஆறுதல் இல்லை, ஒரே ஒரு கணக்கு. அன்றைக்கு அவன் தட்டியது மூன்றா, இரண்டா? டிரம் சத்தத்தில் தன் காதுதான் ஒன்றைக் கூட்டிக் கேட்டதா? மூன்று என்றால் அவள் மேல் பழி இல்லை. இரண்டு என்றால்... அதற்கு மேல் அவளால் நினைக்கவே முடியாது. பாவம், பதினொரு மாதமாக ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்கவில்லை.

இந்த நிலையில்தான் பக்கத்து மிஷின் சுந்தரி வந்து நின்றாள். அவள் புருஷனுக்கு வாரம் மூன்று நாள் வேலூரில் டயாலிசிஸ். போன வாரம் திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே மயங்கி விழுந்துவிட்டான்.

"சின்னதா ஒரு செகண்ட் ஹேண்ட் காரு பாத்திருக்கேன்க்கா. நீ நல்லா இருக்குதுன்னு சொன்னா எடுத்துடறேன். உன்ன விட்டா எனக்கு யாரு இருக்காங்க?"

பிரிசில்லாவுக்கு மறுக்க மனசு வரவில்லை.

வண்டியை வைத்திருந்தவர் புரோக்கர் ரஷீத் அஹமது. நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார். மூடிக் கிடந்த தோல் ஷாப் ஒன்றின் பின்னால், சரிவான காலி இடத்தில் கார் நின்றது. வெள்ளை நிறம். ஞாயிறு என்பதால் எந்த டிரம்மும் ஓடவில்லை. அப்படி ஒரு அமைதி.

பிரிசில்லா வேலையைத் தொடங்கினாள். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டுத் தேய்த்தாள். கசடு இல்லை. ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் புகையைப் பார்த்தாள். சுத்தம். மீட்டரில் நாற்பத்தெட்டாயிரம் என்றது. மீட்டரை யாரும் திருப்பலாம், மிதிக்கிற ரப்பர் பொய் சொல்லாது என்பான் சாமுவேல். குனிந்து பார்த்தாள். ரப்பரும் அதைத்தான் சொன்னது. மிதியடியைத் தூக்கித் தரையைச் சுரண்டினாள். எங்கள் பக்கத்தில் இது முக்கியம். உப்புப் போட்ட பச்சைத் தோலை ஏற்றிய வண்டி என்றால் தரை துருவேறி அப்பளமாக நொறுங்கும். இது கெட்டியாக இருந்தது. உதிரிப் பாகமும் ஆம்பூரிலேயே கிடைக்கும், அலைய வேண்டாம்.

கதவு ரப்பரை விலக்கியபோதுதான் கை நின்றது. உள்ளே சில்வர்.

"கலர் மாத்தியிருக்கு."

"ஆமாம்மா. ஆந்திரா வண்டி. நம்பரும் நம்மூருக்கு மாத்தியாச்சு. பேப்பர் எல்லாம் பக்கா" என்றார் ரஷீத்.

அவள் ரப்பரைத் திரும்ப அழுத்திவிட்டாள். சில்வரில் ஆயிரம் கார் ஓடுகிறது.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். பிரிசில்லா குள்ளம். எந்தக் காரிலும் சீட்டை முன்னால் இழுத்தால்தான் அவளுக்குக் கால் எட்டும். இதில் இழுக்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்கென்றே யாரோ தள்ளி வைத்தது மாதிரி இருந்தது. உள்ளே லேசாக மண்ணெண்ணெய் வாசம். சாமுவேல் மண்ணெண்ணெயில்தான் கை கழுவுவான்.

கடைசியாக பிரேக். இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, சரிவில் வண்டியைக் காலாலேயே பிடிக்க வேண்டும். மிதி மெல்ல இறங்கினால் கோளாறு. பிரேக் ஆயில் ஒழுகுகிறதா என்று தெரிய, சுந்தரி போனில் வீடியோவை ஓடவிட்டு, வண்டிக்கு அடியில் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

மணி 3:14.

டங்.

ஒரு தட்டு. அடியில் இருந்து.

பிரிசில்லாவின் கால் தானாக மிதித்தது. பதினேழு வருஷப் பழக்கம்.

டங்... டங்.

அவள் காலை எடுக்கவில்லை. பிடித்துக்கொண்டாள்.

"அடில யாரு?" என்றாள். 

சத்தம் சுந்தரிக்கும் கேட்டிருந்தது. ரஷீத் முட்டி போட்டுக் குனிந்து பார்த்தார். வெறும் தரை. அதில் சுந்தரியின் போன் மட்டும்.

"யாரும் இல்லம்மா. எறங்குங்க."

அவள் இறங்கவில்லை. 3:20. தொடை நடுங்க ஆரம்பித்தது. 3:26. வேர்வை தாடையில் சொட்டியது.

"அக்கா, கால எடுக்கா. பயமா இருக்குதுக்கா!"

"அவரு இன்னும் விடச் சொல்லல."

 பிரிசில்லா அழுதுகொண்டே இன்னும் அழுத்தி மிதித்தாள்.

"இந்த வாட்டி நான் எடுக்க மாட்டேன். எத்தன நேரம் ஆனாலும் எடுக்க மாட்டேன். நீ சொல்லு... நீ சொன்னாத்தான்..."

ரஷீத் என்ன நினைத்தாரோ. ஓடிப்போய் இரண்டு பெரிய கல்லைத் தூக்கி வந்தார்.

பின்சக்கரத்துக்கு ஒன்று வைத்தார்.

இன்னொன்று வைத்தார்.

3:31.

ரஷீத் இன்னும் ஒரு கல் தேடி ஓடினார். சுந்தரி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

பிரிசில்லா தலையை நிமிர்த்தினாள். எதையோ கேட்டாள். உதடு எண்ணியது.

ஒண்ணு... ரெண்டு...

மூணு.

காலை எடுத்தாள்.

வண்டி ஒரு விரல் அளவு பின்னால் நகர்ந்து, கல்லில் முட்டி நின்றது.

கதவைத் திறந்து அப்படியே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "மூணுதான் சுந்தரி. அன்னிக்கும் இப்டியேதான் கேட்டுச்சி. மூணுதான் தட்டினாரு. நான் ஒண்ணும் பண்ணல."

அழுகை அடங்கியதும் பேப்பரைக் கேட்டாள். ரஷீத் நீட்டிய பழைய என்ஓசி காகிதத்தில் ஆந்திரா நம்பர் இருந்தது. அவள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பதினொரு மாதத்துக்கு முன் போலீஸ் எழுதிக்கொண்டு போன நம்பர் அதுதான். அந்தக் கார்தான் இது. ரஷீத்துக்குத் தெரியாது, அவர் கைக்கு வந்தபோது அது நாலு கை மாறியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் மனிதர் ஆடிப்போய்விட்டார். "வேண்டாம்மா, இந்த வண்டி வேண்டாம்."

பிரிசில்லா கண்ணைத் துடைத்தாள். "வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல பாய். பிரேக்கு நல்லா நிக்குது. நீ எடு சுந்தரி."

அன்று ராத்திரி அவள் அடித்துப் போட்டது மாதிரித் தூங்கினாளாம். மறுநாள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் சுந்தரியின் டிபனில் இருந்து ஒரு இட்லியை எடுத்துத் தின்றாள். பதினொரு மாதத்தில் அப்படி அவள் செய்து சுந்தரி பார்க்கவே இல்லை.

இனிமேல் சொல்வது சுந்தரி என்னிடம் மட்டும் சொன்னது.

அந்த ஞாயிறு சாயந்திரமே, வண்டியின் அடிப்பக்கம் எப்படி என்று புருஷனுக்குக் காட்ட சுந்தரி வீடியோவைப் போட்டாள். படத்தில் யாரும் இல்லை. சத்தம் மட்டும் இருந்தது.

ஒரு தட்டு. பிறகு இரண்டு. பிறகு நீண்ட அமைதி. அக்காவின் அழுகை. முதல் கல் வைக்கிற சத்தம். இரண்டாவது கல்.

டங்... டங்.

அவ்வளவுதான். இரண்டு.

மூன்றாவது இல்லை.

மிதி விடுபடுகிற சத்தம் கேட்டது. வண்டி நகர்கிற சத்தம். உடனே... டங் டங். டங் டங். டங் டங். அவசர அவசரமாக. வண்டி கல்லில் முட்டி நின்ற பிறகுதான் அது நின்றது.

"ரெண்டு ரெண்டா யாரு இப்டித் தட்டுறது?" என்று கேட்டானாம் புருஷன்.

சுந்தரி போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அந்த வீடியோவை அப்போதே அழித்தாள்.

வண்டியை வாங்கிவிட்டாள். வாங்காவிட்டால் ஏன் என்று அக்கா கேட்பாளே. டிக்கியில் எப்போதும் இரண்டு கல் கிடக்கிறது.

போன மாதம் பிரிசில்லாவே கேட்டாள். "அந்த வீடியோவ எனக்கு அனுப்பேன். அவரு தட்டினத ஒரு வாட்டி கேக்கணும்."

"அது அழிஞ்சிபோச்சிக்கா."

பிரிசில்லா சிரித்தாள். "பரவால்ல விடு. எனக்குத்தான் நல்லாக் கேட்டுச்சே. மூணு."

சுந்தரி தலையை ஆட்டினாள். "ஆமாக்கா, எனக்கும் கேட்டுச்சி. மூணுதான்."