என்றைக்குக் கிளம்புவீர்கள்?

கோவில்பட்டிக் கல்லூரியில், ஓட்டல் வேலைக்கான ஆங்கில வகுப்பில் அவர் எனக்குப் பக்கத்து பெஞ்சு. குளத்தூர்க்காரர். ஆங்கிலம் பேசுமுன் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொள்வார். பேசி முடித்ததும் கழற்றிவிடுவார்.

வாய்மொழித் தேர்வில் அவர் ஓட்டல் வரவேற்பாளர், பேராசிரியர் தங்க வந்தவர். வரவேற்பு, பெயர், முகவரி எல்லாம் ஆங்கிலத்தில் தடங்கலின்றி வந்தன. அறையை என்றைக்குக் காலி செய்வீர்கள் என்ற கேள்வி மட்டும் வரவில்லை.

“ஏலே, கேளு. மார்க் போயிரும்” என்றார் பேராசிரியர்.

அவர் பொத்தானைக் கழற்றினார். “இப்பந்தான் வந்திருக்கீய. ஒரு வாய் தண்ணி குடிக்கல. அதுக்குள்ள எப்பம் போவீயன்னு எப்படி சார் கேக்க?”

மார்க் போயிற்று.

அவருக்கு எந்த ஓட்டலிலாவது வேலை கிடைத்ததா, தெரியாது. கிடைத்திருந்தால், அங்கே தங்கப் போன யாரும் இன்னும் அறையைக் காலி செய்திருக்க மாட்டார்கள்.