மேல்பாதி காலி

அலுவலகத்தில் அவருக்குப் பத்திரம் என்று பட்டப்பெயர். எதைப் பார்த்தாலும் "பத்திரமா வைங்க, உதவும்" என்பார். தேய்ந்த மவுஸ், செத்த பேட்டரி, மை தீர்ந்த பேனா எல்லாம் அவர் மேசையில் குடித்தனம் நடத்தின. வீட்டில் அறுந்த செருப்புகளுக்கே தனி அலமாரி. இப்படிப்பட்ட மனிதர் கையில்தான் ரெஜிஸ்டர் வேலை போய் மாட்டியது.

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதுபோல் பாவலா காட்டும் மென்பொருள் அவர்களுடையது. கணக்குப் போடும் சிப்பு தன் எண்களைக் கையோடு வைத்துக்கொள்ளும் குட்டி அறைகள்தான் ரெஜிஸ்டர்கள். அவற்றைப்போலவே நடிக்கும் நிரலைப் பத்திரம் எழுதியிருந்தார். நடிப்பு எங்கோ சொதப்பியது. உள்ளே இருந்த கணினி கண்விழிப்பதும் மயங்கி விழுவதுமாக இருந்தது.

"இதைச் சரி பண்ணிட்டு லீவுல போங்க" என்று மேலாளர் சொல்லிவிட்டார். அன்று மாலை ரயில். கடலைப் பார்க்கப் போவதாகப் பேசிப் பேசி, ஒவ்வொரு முறையும் வேலை வந்து கெடுத்த பயணம். "நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நான் போறேன்" என்று மனைவி ஒரே போடாகப் போட்டுவிட்டாள். சொன்னால் செய்பவள்.

மதியம் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் பெட்டி அடுக்கினாள். அடியில் துண்டுகளை வைப்பதற்காக, மேலே இருந்த அவர் சட்டைகளை வாரிக் கட்டிலில் வீசினாள்.

"கீழ வைக்கணும்னா கீழ மட்டும் வையேன்! என் சட்டை என்ன பாவம் பண்ணுச்சு?"

"கீழ புதுசு வந்துட்டா மேல இருக்கிறது பழைய கணக்குங்க. எது எப்ப வெச்சதுன்னு யாரு ஞாபகம் வெச்சுக்கிறது? மொத்தமா காலி பண்ணிட்டா தொல்லை இல்ல."

வாய்க்குப் போன கவளம் பாதியில் நின்றது. சிப்பு செய்தவர்களும் தங்கள் கையேட்டில் இதையேதான் சொல்லியிருந்தார்கள்: ரெஜிஸ்டரின் கீழ்ப்பாதியில் புது எண் எழுதினால் மேல்பாதியைப் பூஜ்ஜியமாக்கிவிடு. படித்தபோது பத்திரம் விழுந்து விழுந்து சிரித்தார். அறிவுள்ளவன் எவனாவது நன்றாக இருக்கும் பாதியை அழிப்பானா? அச்சுப்பிழை என்று தானே முடிவுகட்டி, மேல்பாதியைப் பத்திரமாக வைத்திருந்தார். அந்தப் பழைய குப்பை புது எண்ணோடு ஒட்டிக்கொள்ள, உள்ளே இருந்த கணினி இல்லாத முகவரிக்கெல்லாம் போய்க் கதவைத் தட்டியிருக்கிறது.

"நீ அப்படியே சிப்பு மாதிரி யோசிக்கிற!"

"என்ன, திட்டுறீங்களா?"

"கும்பிடுறேம்மா!" என்று எச்சில் கையோடு அலுவலகத்துக்கு ஓடினார்.

மேல்பாதியை அழிக்கும் வரியை எழுதும்போது அவருக்கு நெஞ்சு வலித்தது. "மன்னிச்சுக்கோ" என்று திரையிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதினார். உள்ளே இருந்த கணினி எழுந்து உட்கார்ந்து சமர்த்தாகக் கடவுச்சொல் கேட்டது. மேலாளர் "கிளம்புங்க, கிளம்புங்க" என்று விரட்டினார்.

ரயில் ஊளையிட்ட நேரத்தில் மூச்சிரைக்க ஏறி, மனைவி பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நீ சொன்ன மாதிரியே மேல்பாதியைக் காலி பண்ணிட்டேன். ஓடுது!"

அவள் அவரையே பார்த்தாள். பிறகு பெட்டியை மெல்லத் திறந்து காட்டினாள். கீழே துண்டு, மேலே அவள் துணி. அவருடையது ஒரு கைக்குட்டைகூட இல்லை.

"நீங்க வருவீங்கன்னு நான் நினைக்கவே இல்லங்க."

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள், போட்டிருந்த ஒரே சட்டையும் அலையில் நனைந்துவிட, மனைவியின் பூப்போட்ட நைட்டியை மாட்டிக்கொண்டு, கடற்கரையே திரும்பிப் பார்க்க, அவள் கையைப் பிடித்தபடி பத்திரம் நடந்தார்.